அஞ்சடியிலிருந்து எம்ஆர்டி வரை: சிங்கப்பூர் தன் வீடுகளை ரயிலடியில் கட்டிய கதை

மதியம் மூன்று மணிக்குச் சிங்கப்பூரில் மழை பிடித்தால் வானம் பொத்துக்கொண்டதுபோல் கொட்டும். அப்படியொரு மழையில், கையில் குடையில்லாமல், அரசு கட்டிய ஒரு வீவக அடுக்குமாடியின் லிஃப்டை விட்டு இறங்கி, எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நிலையம் வரை பல முறை நடந்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் வீடுகள் கிடையாது; தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கூடம் அது. அதைக் கடந்ததும் கூரை போட்ட நடைபாதை தொடங்கும். அது பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் விடும். அங்கே கல்மேசையைச் சுற்றி நாலு தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். அத்தனை மழை இரைச்சலிலும் காயைத் தட்டி வைக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். அப்புறம் மறுபடி கூரை. வழியில் ஒரு காப்பிக்கடை, ஒரு மளிகைக்கடை, பல் டாக்டர், முடிதிருத்தும் கடை, பாலர் பள்ளி. சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் நாலு எட்டு ஓட வேண்டும். நிலையத்துக்குள் நுழையும்போது தோளில் சில துளி, செருப்பில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான்.

பொதுப் போக்குவரத்தைச் சுற்றி வீடுகள் கட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ரயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் பாதை, எத்தனை நிலையம், எத்தனை கோடி செலவு. எனக்கென்னவோ வீட்டு வாசலுக்கும் நிலையத்து வாசலுக்கும் நடுவில் கிடக்கும் அந்த அரைக் கிலோமீட்டரில்தான் எல்லாம் முடிவாகிறது என்று தோன்றுகிறது. அந்த நடை சுகமாக இருந்தால் ஆள் ரயிலுக்கு வருவார். வெயில் மண்டையைப் பிளந்தால், சேறு காலைப் பிடித்தால், வழியில் ஒரு டீ குடிக்கக்கூட இடமில்லாமல் மதில்சுவர் மட்டுமே நீண்டு கிடந்தால், அவர் எப்படியாவது கடன்பட்டு ஒரு வண்டி வாங்கிவிடுவார். சிங்கப்பூர் இந்த அரைக் கிலோமீட்டரை அறுபது ஆண்டுகளாகக் கட்டியும் திருத்தியும் வருகிறது. அதில் நன்றாக வந்ததும் உண்டு, பெரிய விலை கொடுத்து வாங்கியதும் உண்டு, தடுக்கி விழுந்ததும் உண்டு.

இந்தக் கூரைபோட்ட நடைபாதை புதுச் சரக்கு அல்ல. 1822 நவம்பரில், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ், நகரமைப்புக் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில், தெருவோரக் கட்டடங்கள் ஒவ்வொன்றும் முன்பக்கம் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் விட வேண்டும், அது தொடர்ச்சியான, கூரையுள்ள நடைவழியாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதிலிருந்து வந்ததுதான் ஐந்தடி அகலத் தாழ்வாரம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வாயில் அது 'அஞ்சடி'. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க, கடை விரிக்க, இரவில் பாய் போட்டுப் படுக்க என்று எத்தனையோ தமிழர்களுக்கு இந்த ஊரில் முதல் முகவரியே ஏதோ ஓர் அஞ்சடிதான்.

அஞ்சடிக்குப் பின்னால் இருந்தது கடைவீடு. கீழே கடை, மேலே குடித்தனம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகளும் அப்படித்தான்: ஒரே நீளக்கூடத்தில் வரிசையாகப் பெட்டகமும் கணக்குமேசையும் போட்டுப் பகலில் வட்டித்தொழில், அதே கட்டடத்தில் சமையல், சாப்பாடு, தூக்கம். வீடு, தொழில், சந்தை மூன்றும் ஒரே இடத்தில் கலந்திருக்கும் கட்டடத்துக்கு இன்று நகரமைப்பாளர்கள் 'கலப்புப் பயன்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அதைப் பெயர் வைக்காமலே வாழ்ந்திருக்கிறார்கள். அந்தக் கிட்டங்கிகள் 1970களில் நகரப் புதுப்பிப்பில் இடிபட்டுப் போயின.

பழைய கடைவீட்டு வாழ்க்கையை ஒரேயடியாகப் போற்றிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு கடைவீட்டின் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, சன்னல் இல்லாத அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். நகரத்தின் விளிம்பில் அத்தாப்புக் கூரைக் கம்பங்கள். கம்பம் என்றால் மலாய்க் கிராமம். அத்தாப்பு என்றால் நிப்பா என்ற பனையின் ஓலை. 1961 மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 1960 பிப்ரவரியில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியிருந்தது. 'வீவக' என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது அதைத்தான். முதல் ஐந்து ஆண்டுகளிலேயே 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். இன்று சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க நிலம் வேண்டுமே. 1966-இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், பொதுநோக்கம் என்று அரசு சொன்னால் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள வழிவிட்டது. இழப்பீட்டுத் தொகை பல ஆண்டுகள் சந்தை விலைக்கு வெகு கீழே இருந்தது. தோட்டம், கோழி, மாமரம், கோயில் என்று பரந்து வாழ்ந்த கம்பத்துக்காரர்களை இரண்டறை, மூன்றறை வீடுகளுக்கு மாற்றினார்கள். பலருக்கு அது குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்த நாள். பலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அண்டை அயல் அறுந்துபோன நாள். சிங்கப்பூரைப் பார்த்து வியக்கும் வெளியூர் நகரமைப்பாளர்கள் ரயில் நிலையத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்; இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் ஒரே கையில் இருந்ததால்தான் எங்கே வீடு, எங்கே சந்தை, எங்கே பூங்கா என்று ஒருசேர முடிவுசெய்ய முடிந்தது. நூறு பேர் கையில் நிலம் சிதறிக் கிடக்கும் ஊரில் இதே வரைபடத்தை விரித்தால் அது வரைபடமாகவே இருந்துவிடும்.

1971-இல் தீவு முழுவதற்கும் ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டார்கள். நடுவில் நீர்த்தேக்கங்களும் காடும். அவற்றைச் சுற்றி வளையம் போல் புதுநகரங்கள். நகரங்களைக் கோத்துச் செல்ல ரயில். ஆனால் ரயில் வேண்டுமா என்பதில் அரசுக்குள்ளேயே பெரிய சண்டை. 500 கோடி வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், செலவாகும் என்று கணக்கு வந்தது. முழுக்கப் பேருந்தை வைத்தே சமாளிக்கலாம் என்ற பக்கம் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ நின்றார். பொருளாதாரத்தில் அவர் சொல்லுக்கு அந்த அரசில் தனி மதிப்பு. ரயில்தான் வேண்டும் என்று நின்றவர் ஓங் தெங் சியோங், கட்டடக்கலையும் நகரமைப்பும் படித்தவர், பின்னாளில் அதிபரானவர். 1982-இல் ரயில் என்று முடிவானது. 1987 நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் முதல் வண்டி ஓடியது.

முதல் வண்டி ஓடிய அந்த ஐந்து நிலையப் பாதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ என்று எல்லாம் வீவக வட்டாரம். அந்த நகரங்களில் சில, ரயில் முடிவாவதற்கு முன்பே எழுந்தவை. இருந்தும் நகர மையம், பேருந்து முனையம், சந்தை எல்லாவற்றையும் நடுவில் குவித்து, வீடுகளை அதைச் சுற்றி அடுக்கியிருந்ததால் ரயில் வந்தபோது நேரே நடுக்கூடத்துக்குள் வந்து இறங்கியது. நெருக்கமாகக் கட்டுவது பற்றிப் பலருக்கு ஒரு பயம் உண்டு. அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அது ஏறக்குறைய 50 ஹெக்டேர். ஐந்து நிமிட நடைக்குள் அடங்கும் நிலம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சதுர அடி கூடக் கிடைக்காது. சாலை, பூங்கா, பள்ளி, சந்தைக்குப் பாதி போனால் மீதி 25 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 40 தனிவீடுகள் என்று கட்டினால் 1,000 குடும்பம். 200 அடுக்குமாடி வீடுகள் என்று கட்டினால் 5,000 குடும்பம். ஆயிரம் குடும்பத்தை நம்பி மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் விட முடியாது. அந்த ஆயிரம் குடும்பத்தில் பாதிப் பேர் வண்டியில் போனால் காப்பிக்கடையும் நிற்காது. 5,000 குடும்பம் இருந்தால் ரயிலும் நிற்கும், கடையும் நிற்கும், பாலர் பள்ளியும் நிரம்பும்.

கடை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கலப்புப் பயன்பாடு என்றவுடன் கீழே நாலு கடை வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பிழைக்கும். ஆட்கள் காலையில் நிலையத்துக்குப் போகும் வழியிலும் மாலையில் திரும்பும் வழியிலும் இருக்கிற காப்பிக்கடைக்குத் தனியாக விளம்பரம் வேண்டியதில்லை. வேலை முடிந்து வரும் பெண் அதே வழியில் ஈரச்சந்தைப் பக்கம் திரும்பி ஒரு கட்டுக் கீரை, அரைக் கிலோ மீன் வாங்கி, பாலர் பள்ளியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். மூன்று வேலைக்கு ஒரே நடை. கார் வைத்திருந்தால் இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கார் இல்லாதவளுக்கு இவை ஒரே கோட்டில் இருந்தால்தான் நாள் ஓடும். இந்தக் கோட்டை வரைவதுதான் வடிவமைப்பு.

இதில் ஒரு குறையும் வளர்ந்திருக்கிறது. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் நிலையத்தின் தலைமேலேயே குளிர்சாதனப் பேரங்காடிகள் வந்துவிட்டன. ரயிலிலிருந்து இறங்கினால் பேரங்காடி, அதற்குள்ளிருந்தே பேருந்து. வசதிதான். ஆனால் எந்தப் பேரங்காடிக்குள் போனாலும் அதே பத்துப் பதினைந்து கடைப் பெயர்கள். புளோக்கடியில் இருந்த தையல்காரரும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் ஒவ்வொருவராகக் கதவடைக்கிறார்கள். நிலையத்திலேயே எல்லாம் கிடைத்துவிட்டால் வீடு வரைக்கும் உள்ள நடை வெறும் நடையாகிவிடுகிறது. எனக்கு இது வருத்தம்தான்.

ஆட்களை ரயிலுக்குக் கொண்டுவர வேலையிடங்களும் பரவ வேண்டும். எல்லா அலுவலகமும் ஊர் நடுவில் இருந்தால் காலையில் ஒரு பக்க ரயில் பிதுங்கும், எதிர்ப்பக்க ரயில் காற்றை ஏற்றிக்கொண்டு போகும். 1991-இல் தீவுக்குப் போட்ட நீண்டகாலத் திட்டத்தில் தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் போன்ற இடங்களில் வட்டார மையங்கள் என்று வேலையைப் பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம். தெம்பனிஸ் நகரத்துக்கு அடுத்த ஆண்டு, 1992-இல், உலக வாழ்விட விருது கிடைத்தது.

சரி, இவ்வளவும் செய்தாலும் கார் மலிவாக இருந்தால் என்ன ஆகும்? ஆட்கள் கார்தான் வாங்குவார்கள். சிங்கப்பூர் அதை இனிப்புக் கொடுத்து மட்டும் தடுக்கவில்லை, பிரம்பும் எடுத்தது. 1975-இலேயே ஊர் நடுவுக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தார்கள். 1990 முதல் கார் வாங்க வேண்டுமானால் முதலில் சிஓஇ என்ற உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும்; அது பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 1,50,000 வெள்ளியைத் தொட்டது. காரின் விலை அதற்கு மேல் தனி. மூன்றில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருக்கிறது. பிரம்பு மட்டும் இருந்து அந்தக் கூரைபோட்ட நடைபாதை இல்லாமல் போயிருந்தால் அது வெறும் கொடுமை. 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் உள்ள பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளை நிலையத்தோடு இணைக்க, ஐந்தே ஆண்டில் 200 கிலோமீட்டர் கூரை போட்டார்கள். புதுப் பாதை தோண்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கூரை எவ்வளவு மலிவு! நன்மையோ தினமும் இரண்டு வேளை.

அடுத்தது நேரம். எது முதலில் வர வேண்டும், வீடா ரயிலா? சிங்கப்பூரே இதில் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறது.

வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூனில் திறந்தது. நிலையங்கள் எல்லாம் கட்டி முடித்துத் தயார். ஆனால் புவாங்கோக் நிலையத்தைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் போதுமான வீடுகள் வரவில்லை, ஓட்டினால் நட்டம் என்றார்கள். ஏற்கெனவே குடிவந்தவர்கள், கண்ணெதிரே மூடிக் கிடக்கும் நிலையத்தைத் தாண்டிப் பேருந்தில் போனார்கள். 2005 ஆகஸ்டில் ஓர் அமைச்சர் அந்தப் பக்கம் வந்த அன்று, சாலையோரத்தில் அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகள் எட்டு வரிசையாக நின்றன. யாரோ பகுதிவாசிகள் நட்டு வைத்தது. பெரும் செலவு வைத்துவிட்டுப் பயன்படாமல் கிடப்பதை ஆங்கிலத்தில் 'வெள்ளை யானை' என்பார்கள். அனுமதியில்லாமல் வைத்ததென்று போலீஸ் விசாரணை கூட நடந்தது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. அதே பாதையில் உட்லீ நிலையம் இன்னும் பொறுத்திருந்தது. 2011-இல்தான் கதவு திறந்தது. அதைச் சுற்றியிருந்தது பிடடாரி இடுகாடு. கல்லறைகளை அகற்றிய பிறகும் அங்கே வீடுகள் எழ வெகுகாலம் ஆனது.

இதற்கு நேர்மாறு தெங்கா. மேற்கே 700 ஹெக்டேரில், 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்ட புதுநகரம். நகர மையத்தில் கார்கள் தரைக்கு அடியில் ஓடும், மேலே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் இடம் என்று வரைந்திருக்கிறார்கள். முதல் குடும்பங்கள் 2023-இல் சாவி வாங்கின. அப்போது ஜூரோங் வட்டார ரயில் பாதை கட்டுமானத்தில்தான் இருந்தது. கடைகளும் குறைவு. பேருந்தை நம்பித்தான் நாளை ஓட்டினார்கள்.

இரண்டு தவறில் எது மோசம் என்றால், ரயில் தாமதமாவதுதான் என்பேன். ஆள் இல்லாத நிலையத்தால் சில ஆண்டு நட்டம். வீடுகள் வந்ததும் அது சரியாகிவிடும். ரயில் இல்லாத நகரத்தில் குடிவந்தவரோ முதல் ஆறு மாதத்தில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார். கார் வாங்க முடிந்தவர் வாங்கிவிடுவார். வாங்கிய காரை, பத்தாண்டு உரிமத்துக்குக் காசு கொடுத்தபின், யாரும் ரயில் வந்துவிட்டதென்று விற்பதில்லை.

பசுமை பற்றி இனிச் சொல்கிறேன். 'பசுமை வீடு' என்றால் மொட்டைமாடியில் சூரியத்தகடு, சுவரில் செடி என்று நின்றுவிடக்கூடாது. கார் இல்லாமல் நாளை ஓட்ட முடிகிற வீடே பெரிய பசுமைதான். ஆனாலும் கான்கிரீட்டை நெருக்கி அடுக்கினால் சூடு பிடித்துக்கொள்ளும். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊரில் அந்தச் சூட்டில் நடப்பது எளிதல்ல. ஆகவே நடைக்கு மரம் வேண்டும். சிங்கப்பூர்ச் சாலைகளில் குடை விரித்து நிற்பது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம். ஒரு மரம் நாலு வழிச் சாலையை மூடும். மாலையில் இலை மடங்கும்போது அதன் கீழ் வெளிச்சம் சட்டென்று மாறும். தினமும் பார்த்தாலும் அலுக்காது.

நீர் விஷயத்தில் நான் எல்லோரையும் போய்ப் பார்க்கச் சொல்வது பீஷான் - அங் மோ கியோ பூங்கா. காலாங் ஆற்றை அங்கே முன்பு நேரான கான்கிரீட் வாய்க்காலாக அடைத்து வைத்திருந்தார்கள், 2.7 கிலோமீட்டர். சுற்றிலும் வீவக வீடுகள். மழைநீர் சீக்கிரம் வடிந்தால் போதும் என்பது அந்தக் காலத்துப் புத்தி. 2012-இல் கான்கிரீட்டை உடைத்தெடுத்து ஆற்றை வளைந்து நெளிய விட்டார்கள். 3.2 கிலோமீட்டர் ஆனது. கரைக்குச் சுவரில்லை, புல்லும் கல்லும் வேரும்தான் மண்ணைப் பிடித்திருக்கின்றன. பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் பரவும், அபாயமணி அடித்து ஆட்களை மேலே ஏறச் சொல்வார்கள், வடிந்ததும் மறுபடி புல்வெளி. நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறி ஊரெல்லாம் பேர் வாங்கியது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தேன்: தண்ணீரில் மூன்று தலை மட்டும் மேலே வந்து, ஒன்று வாயில் மீனோடு கரையேறி, கறமுறவென்று கடிக்கும் சத்தம் பத்தடி தூரத்துக்குக் கேட்டது. பின்னால் அங் மோ கியோவின் அடுக்குமாடிகள், துணி காயும் மூங்கில் கழிகளோடு. வீட்டையும் ஆற்றையும் சேர்த்து வைக்க வேலி எடுத்தால் போதும் என்பது அன்று தெரிந்தது.

ஆனால் பசுமை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. தெங்காவை 'காட்டு நகரம்' என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அங்கே முன்பு இருந்ததும் காடுதான். கம்பங்கள் காலியான பிறகு தானாக வளர்ந்து அடர்ந்த காடு. அதைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு, சுமார் 100 மீட்டர் அகலத்தில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டுவழி விட்டிருக்கிறார்கள், விலங்குகள் மேற்கு நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து தீவின் நடுக்காட்டுக்குப் போய்வர. இயற்கை ஆர்வலர்கள் இன்னும் அதிகம் விடச் சொல்லிக் கேட்டார்கள். வீடு வேண்டும் என்பது உண்மை. வேறு இடமில்லை என்று அதிகாரிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். இருந்தாலும், காட்டை வெட்டிக் கட்டிய நகரத்துக்குக் காட்டின் பெயரை வைப்பது எனக்கு உறுத்துகிறது.

மனசுக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடக்கே அட்மிரல்டி எம்ஆர்டியை ஒட்டி, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான இடத்தில் நிற்கிறது 'கம்பம் அட்மிரல்டி'. வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது பெற்றது. நாலு துண்டாக வெவ்வேறு இடத்தில் கட்ட வேண்டியதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். தரையில் சுவரில்லாத முற்றம். அதன் மேலே உணவங்காடி. அதற்கும் மேலே மருத்துவ மையம். இன்னும் மேலே போனால் படிப்படியாக ஏறும் தோட்டம், முதியோர் நிலையம், பாலர் பள்ளி. இவற்றோடு 104 சிறிய வீடுகள், எல்லாம் வயதானவர்களுக்கு.

நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முற்றம் நேரே எதிரே. நான் போன அன்று அங்கே ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து யாருக்காகவும் காத்திருக்காமல் சும்மா ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே உணவங்காடியில் ஒருவர் கஞ்சி வாங்கி வந்து, டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறதென்று நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் முதியவர்கள் பயிரிடும் பாத்திகள். பாண்டான் இலை, கத்தரி, மிளகாய். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. முதியோரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் அல்ல. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மகள் ரயிலேறுவாள். தாத்தா பாட்டி ஒரு தளம் தள்ளி இருப்பார்கள். லிஃப்ட் ஏறி இறங்கினால் டாக்டர், சாப்பாடு, பேரன், ரயில். கால் வலிக்கும் எழுபது வயதுக்காரருக்கு 400 மீட்டர் என்பதே பெரிய தூரம். அவருக்கு அந்த அரைக் கிலோமீட்டரைச் செங்குத்தாக நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அஞ்சடியும் கடைவீடும் கிட்டங்கியும் புது உருவில் திரும்பி வந்ததுபோல் எனக்குப் பட்டது.

ரயிலடியில் குடியிருப்பதில் தொல்லையும் உண்டு. உயரப் பாதையில் ஓடும் ரயிலின் சத்தத்துக்குப் பல இடங்களில் இரைச்சல் தடுப்பு போட வேண்டி வந்தது. 1999-இல் புக்கிட் பாஞ்சாங்கில் முதல் எல்ஆர்டி சிறுரயிலை விட்டபோது அது சில புளோக்குகளுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது. வீடுகளை நெருங்கும்போது பெட்டியின் சன்னல் கண்ணாடி தானாகப் பால்போல் மங்கி, கடந்தபின் தெளியும்படி செய்திருந்தார்கள். வீட்டுக்காரரின் மானத்தையும் மதித்த அந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை விலை. நிலையத்துக்குப் பக்கம் என்றால் வீட்டின் மறுவிற்பனை விலை ஏறிவிடுகிறது. 2024-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் 10 லட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறின. பொது வீடமைப்பு என்று பெயர். சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டாது. யாருக்கு ரயில் மிகவும் தேவையோ அவரையே ரயில் விலக்கிவிடும் நிலை. இதைத் தடுக்க 2024 அக்டோபர் முதல் நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் அருகிலுள்ள புது வீடுகளைத் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுக்கு அரசு கூடுதல் சலுகை கொடுக்கும். ஆனால் வாங்கியவர் பத்து ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது, விற்கும்போது சலுகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். பலன் தெரிய இன்னும் சில ஆண்டாகும். திசை சரி என்றே நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, தமிழில் எழுதுகிறவன் சொல்லாமல் விடக்கூடாதது. இந்த வீடுகளையும் நிலையங்களையும் கூரைபோட்ட நடைபாதைகளையும் கட்டிய கைகளில் கணிசமானவை புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவை. அந்த ஊழியர்களின் தங்குவிடுதிகள் பெரும்பாலும் துவாஸ், கிராஞ்சி போன்ற ஓரங்களில் இருக்கின்றன. புது தெங்கா நகரத்துக்குப் பக்கத்திலேயே, சுங்கை தெங்காவில், சுமார் 25,000 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று இருக்கிறது. காலையில் பலர் வேலைக்குப் போவது லாரியின் பின்தட்டில் உட்கார்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு வந்து காய்கறி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி விடுமுறை வழியிலேயே கழிந்துவிடும். நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் கூரை போட வேண்டிய இடங்களின் பட்டியலில் பள்ளி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. அடுத்த ரயில் பாதைக்குக் கோடு போடும்போது ஒரு தங்குவிடுதியின் வாசலையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். நிலம் இன்னும் ஒரே கையில்தான் இருக்கிறது.